சிற்றில் இழைத்தலும் சிற்றில் சிதைத்தலும்: பொழுதுபோக்கில் ஆண் - பெண் வேறுபாடு பற்றிய ஒரு மறுப்பு

பொழுதுபோக்கு யாதென்று வினவினால் ஆண்மகன் உதைபந்தாட்டம், துடுப்பாட்டம், சதுரங்கம், முத்திரை சேகரித்தல் எனப் பட்டியல் தருவான்; பெண்ணோ தையல், பூவேலை, வீட்டுத்தோட்டம், சமையற்கலை, இசை, நடனம் என்பாள். இவ்விரு பட்டியல்களையும் அருகருகே வைத்து, ஆணின் மனம் வேறு, பெண்ணின் மனம் வேறு, இது இயற்கையின் நியதி என்று தீர்ப்புக் கூறுவோர் படித்தவர் மத்தியிலும் பலராவர். அவர்கள் பழமை பேணுவோராயின் மரபைச் சான்றுக்கு அழைப்பர். நவீனராயின் உளவியலைச் சான்றுக்கு அழைப்பர். சான்று மாறினும் தீர்ப்பு மாறுவதில்லை.

பட்டியல்கள் பொய்யல்ல. அவற்றிலிருந்து பெறப்படும் முடிவே பொய். ஒருவருக்கு விருப்பம் எழுவதற்கு முன்னர் மூன்று பொருள்கள் கைக்கெட்ட வேண்டும்: பொழுது, இடம், முன்மாதிரி. இம்மூன்றும் எவ்வாறு பங்கிடப்பட்டுள்ளன என்பதை ஆராயாது விருப்பத்தை மாத்திரம் ஆராய்தல், பந்தியிற் பரிமாறப்படாதவனைப் பார்த்து இவனுக்குப் பசியில்லை என்று கூறுவதை ஒக்கும்.

மரபைச் சான்றுக்கு அழைப்போரின் வழக்கை முதலில் நோக்கலாம். தமிழ்ச் சிற்றிலக்கியங்களுள் பிள்ளைத்தமிழ் இப்பொருளுக்கு மிக நெருங்கிய சான்றாகும். குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்துப் பாடும் இவ்விலக்கியத்தில் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்னும் முதல் ஏழு பருவங்களும் ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் பொதுவானவை. தலையசைத்தல், கைகொட்டுதல், தளர்நடையிட்டு வருதல், நிலவை விளையாட அழைத்தல் ஆகியவற்றிற் பால் வேறுபாடு பாராட்டப்படவில்லை. இறுதி மூன்று பருவங்களிலேதான் பிரிவு தோன்றுகின்றது. ஆண் குழந்தைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர்; பெண் குழந்தைக்குக் கழங்கு அல்லது நீராடல், அம்மானை, ஊசல். பதினேழாம் நூற்றாண்டிற் குமரகுருபரர் மீனாட்சியம்மைக்கும் பிள்ளைத்தமிழ் பாடினார், முத்துக்குமாரசுவாமிக்கும் பாடினார். ஒரே புலவரின் கற்பனைதான். ஆயினும் அம்மையின் கையில் அம்மானையும் முருகனின் கையிற் பறையும் வைக்குமாறு இலக்கண வரம்பு அவரைப் பணித்தது.

இவற்றுள்ளும் சிற்றிற் பருவம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. சிறுமியர் மணலிலே சிறு வீடு கட்டிச் சோறு சமைத்து விளையாடுகின்றனர். சிறுவன் வந்து அதனைக் காலால் அழிக்கின்றான். அழிக்க வேண்டாம் என்று சிறுமியர் அவனை இரந்து நிற்கின்றனர். அவ்விரப்பே பாடலாகின்றது. கட்டுவது ஒரு பாலாரின் விளையாட்டு. கட்டியதை அழிப்பது மறுபாலாரின் விளையாட்டு. பின்னது குறும்பென்று பாராட்டப்படுகின்றது. மேலும், சிறுமியின் விளையாட்டு அவளது எதிர்காலத் தொழிலின் ஒத்திகையாகும். வீடு, அடுப்பு, சோறு என்பனவே அதன் பொருள்கள். சிறுவனின் பறையும் தேரும் தெருவிற்கும் ஊருக்கும் உரியவை. ஆகவே மரபு கூறும் சாட்சியம், அதனை அழைத்தோருக்கே எதிராக அமைகின்றது. ஏழு பருவங்கள் பொதுவாயிருந்த குழந்தை எட்டாவது பருவத்திற் பிரிக்கப்பட்டது என்பதே அச்சாட்சியம். பிரித்தது இயற்கையெனின், பிரிக்க வேண்டிய இலக்கண விதி எதற்கு?

இனிப் பொழுதைப் பற்றிய கேள்வி. பொழுதுபோக்கு என்னும் சொல்லிலே 'பொழுது' முன்னிற்கின்றது. சர்வதேசத் தொழில் நிறுவனம் 2018 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஊதியமற்ற பராமரிப்பு வேலையிலே உலகப் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 4 மணி 25 நிமிடங்களைச் செலவிடுகின்றனர். ஆண்கள் செலவிடுவது 1 மணி 23 நிமிடங்கள். இடைவெளி மூன்று மணி நேரம். ஓர் உதைபந்தாட்டப் போட்டி 90 நிமிடங்களில் முடிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு நாளும் இரண்டு ஆட்டங்கள் ஆடி முடிக்கத்தக்க நேரம், ஆட்டத்தை விரும்புவதா வெறுப்பதா என்ற கேள்வி எழுவதற்கு முன்னரே, பெண்ணின் நாளிலிருந்து எடுக்கப்பட்டுவிடுகின்றது.

மலையகத் தோட்டங்களில் இவ்வுண்மை ஒளிவுமறைவின்றித் தெரிகின்றது. கொழுந்து பறிப்பவர் பெரும்பாலும் பெண்களே. விடியுமுன் எழுந்து சமைத்து, மலையேறிக் கொழுந்தெடுத்து, நிறுவை முடித்து லயத்துக்குத் திரும்பியதும் மீண்டும் அடுப்பு, தண்ணீர், விறகு, பிள்ளைகள். ஆணின் வேலை முடிந்த பின்னர் மாலை என்று ஒன்று உண்டு; அதிற் கரப்பந்தாட்டம் உண்டு, சீட்டு உண்டு, கோயிற்றிடற் பேச்சு உண்டு. காமன்கூத்தை எடுத்துக்கொண்டால், மாசி மாதத்து இரவுகளில் நிகழும் அவ்வாட்டத்தில் இரதியின் வேடத்தையும் மரபாக ஆணே பூண்டு வந்தான். கணவனை இழந்து அழும் பெண்ணாக ஆடுவதற்கும் ஆணுக்கே பொழுது இருந்தது. பார்த்து அழுவதே பெண்ணுக்கு எஞ்சியது.

பொழுதுக்கு அடுத்தது இடம். இலங்கையிற் பெண்கள் 1931 இல் ஆண்களோடு ஒருங்கே சர்வசன வாக்குரிமை பெற்றனர். ஆசியாவில் அது முன்னோடிச் சாதனை. ஆயின் வாக்குச் சாவடிக்குச் சென்ற பெண் வாசிகசாலைக்குச் சென்றாளா? வடபகுதிக் கிராமங்களில் வாசிகசாலையும் சனசமூக நிலையமும் அறிவியக்கத்தின் நாற்றங்கால்களாக விளங்கின என்பது மறுக்கவியலாதது. பத்திரிகை வாசிப்பும் அரசியல் விவாதமும் முந்நூற்றிநாலு ஆட்டமும் கரப்பந்தாட்டமும் அங்கு ஒன்றாய்ச் செழித்தன. அவ்வாங்குகளில் மாலை வேளையில் அமர்ந்திருந்தோர் ஆண்களே. பெண்ணின் இடம் கிணற்றடி, கோயில் வீதி, வீட்டுக் கோடி என்பனவாயிருந்தது. எனவே 'பெண்கள் அரசியற் பேச்சை விரும்புவதில்லை' என்ற முடிவு, அவர்கள் அமர இயலாத வாங்கிலிருந்து எடுக்கப்பட்ட முடிவாகும். வாக்குரிமை அளித்த நாடு வாங்குரிமை அளிக்க மறந்தது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். தையலும் பூவேலையும் பெண்கள் விரும்பிச் செய்பவையல்லவா? ஆம், பலர் விரும்பிச் செய்கின்றனர். ஆனால் இருபாலாரின் பொழுதுபோக்குகளும் எங்குச் சென்று முடிகின்றன என்று பார்க்க வேண்டும். ஆணின் பொழுதுபோக்கு அவனோடு முடிந்துவிடும். சீட்டாட்டத்தால் வீட்டுக்கு ஒரு சுளகு அரிசி வருவதில்லை. பெண்ணின் பொழுதுபோக்கு என்று எண்ணப்படுவது அநேகமாக எப்போதும் ஒரு பொருளாகி வீட்டுக்குள்ளே சேர்கின்றது. தைத்த சட்டையைப் பிள்ளை அணிகின்றது. தோட்டத்துக் கத்தரிக்காய் கறியாகின்றது. பின்னிய பெட்டி நெல்லை ஏற்கின்றது. உழைப்புக்குக் கூலி கொடுக்க விரும்பாத சமுதாயம் அவ்வுழைப்புக்குப் 'பொழுதுபோக்கு' என்று பெயர் சூட்டியது. கொழும்புத் தையற்கடையில் அதே தையலைச் செய்யும் ஆணுக்கு அது தொழில். அவனுக்குத் தையற்காரர் என்ற பெயரும் கூலியும் உண்டு.

விருப்பங்கள் இயற்கையின் நியதியாயின் அவை காலந்தோறும் இடந்தோறும் மாறுதல் கூடாது. வரலாறோ வேறு விதமாகப் பேசுகின்றது. பேரு நாட்டின் தித்திக்காக்கா ஏரியிலுள்ள தாக்கிலே தீவில், கம்பளி நூலால் ஊசிப் பின்னல் வேலை செய்வோர் ஆண்கள். சிறுவர் இளமையிலேயே அதனைக் கற்கின்றனர். தலைக்குல்லாவின் நுண்பின்னலைக் கொண்டு ஒருவனின் திறமை மதிக்கப்படுகின்றது. யுனெஸ்கோ 2005 இல் இத்தீவின் நெசவுக் கலையை மனித குலத்தின் மரபுச் செல்வமாகப் பிரகடனம் செய்தது. பின்னல் பெண்மையின் இயல்பென்றால் அத்தீவின் ஆண்கள் யாவரும் இயற்கைக்கு மாறானவர்களா?

தமிழரின் நடன வரலாறு இதனினும் தெளிவான பாடம். சதிர் என வழங்கிய ஆடல், தேவரடியார் மரபினரின் கலையாக இருந்தவரை, 'குடும்பப் பெண்' அதனை ஆடுவதை நினைத்தும் பார்த்திருக்க முடியாது. 1935 இல் உருக்மிணிதேவி அருண்டேல் சென்னையிலே மேடையேறினார். மறுவருடம் கலாசேஷத்திரம் தோன்றியது. 1947 இற் சென்னை மாகாணத்திற் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. ஒரு தலைமுறைக்குள், எது மானமுள்ள பெண்ணுக்கு ஒவ்வாதது எனப்பட்டதோ அதுவே மானமுள்ள பெண்ணின் அடையாளமாயிற்று. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் அரங்கேற்றம் நடுத்தர வர்க்கத்தின் பெருமையாயிற்று. திருமணப் பேச்சில் மணமகளின் தகுதிகளுள் ஒன்றாகவும் எண்ணப்பட்டது. அதே மகள் திருமணத்தின் பின் ஆடுவதை நிறுத்தும்போது, விருப்பம் குன்றிவிட்டது என்று எவரும் ஆராய்வதில்லை. அதன் பயன் முடிந்துவிட்டது என்று யாவரும் அறிவர்.

தடைவிதித்துவிட்டு விருப்பமில்லை என்று பதிவு செய்வதற்கு உதைபந்தாட்டம் உதாரணமாகும். முதலாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் வெடிமருந்துத் தொழிற்சாலைப் பெண்கள் உதைபந்தாட்ட அணிகளை அமைத்தனர். பிரஸ்ரன் நகரின் டிக் கேர் தொழிற்சாலை அணி 1920 டிசெம்பர் 26 இல் லிவர்பூலிலுள்ள குடிசன் பார்க் மைதானத்தில் ஆடியபோது ஏறத்தாழ 53,000 பேர் திரண்டனர். அடுத்த ஆண்டு டிசெம்பர் 5 ஆம் நாள் ஆங்கில உதைபந்தாட்டச் சங்கம், இவ்வாட்டம் பெண்களுக்குப் பொருத்தமற்றது எனத் தீர்மானித்து, தன் அங்கத்துவக் கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்கு அடைத்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு அத்தடை நீடித்தது. விருப்பமில்லாதோரைத் தடுப்பதற்குத் தீர்மானம் தேவையில்லை. தடை இருந்தது என்பதே விருப்பம் இருந்தது என்பதற்குச் சான்று.

பெண்களுக்கென்றே உருவாக்கப்பட்ட விளையாட்டு எத்தகையது என்பதையும் பார்த்தல் வேண்டும். 1891 இல் அமெரிக்காவிற் தோன்றிய கூடைப்பந்தாட்டம் இங்கிலாந்தின் மகளிர் உடற்கல்விக் கல்லூரியிற் திருத்தியமைக்கப்பட்டு, 1901 இல் விதிகள் வகுக்கப்பெற்று வலைப்பந்தாட்டமாயிற்று. பந்தைத் தட்டியபடி ஓடலாகாது. பந்தை நெடுநேரம் வைத்திருக்கலாகாது. தனக்கு விதித்த எல்லைக் கோட்டைத் தாண்டலாகாது. நீண்ட பாவாடை அணிந்த பெண்ணின் அசைவைக் கணக்கிட்டு இயற்றிய விளையாட்டு இது. ஆயினும் அவ்வெல்லைக் கோடுகளுக்குள் நின்றே யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் உலகின் தலைசிறந்த எறிவீராங்கனைகளுள் ஒருவராய் உயர்ந்தார். இலங்கை மகளிர் துடுப்பாட்ட அணி 2024 இல் தம்புள்ளையில் இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணத்தை ஏந்தியது. களம் திறக்கப்பட்ட இடத்திலே திறமைக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

இனி நவீனரின் சான்றுகள். 2002 இல் வெளியான ஓர் ஆய்வில், வேர்வெற் இனக் குரங்குகளுக்கு விளையாட்டுப் பொருள்கள் கொடுக்கப்பட்டன. ஆண் குரங்குகள் பந்தையும் காரையும் ஒப்பீட்டளவிற் கூடுதலாக நாடின. பெண் குரங்குகள் பொம்மையையும் சமையற் பாத்திரத்தையும் கூடுதலாக நாடின. இதனை இயற்கையின் இறுதி வாக்குமூலம் போல எடுத்தோதுவோர் உளர். ஆனால் குரங்கு சமைப்பதில்லை. பாத்திரம் 'பெண்பாற் பொருள்' என்பது மனிதன் எழுதிய பட்டியல். குரங்குக்கு அது ஒரு நிறமுள்ள, குழிந்த பொருள், அவ்வளவே. அது பாத்திரத்தை நாடியதிலிருந்து அடுப்படிக்கு வழி தேடுதல் அறிவியலாகாது. 2008 இல் றீசஸ் குரங்குகளிடம் நடத்திய ஆய்வில் ஆண் குரங்குகள் சில்லுள்ள பொருள்களை நாடின. பெண் குரங்குகளோ எதற்கும் குறிப்பிடத்தக்க சார்பு காட்டவில்லை. இரண்டையும் தொட்டுப் பார்க்கும் பெண்ணின் ஆவலுக்கு இச்சான்றைப் பயன்படுத்தியோர் மிகச் சிலர்.

இதனினும் வலுவான சான்று ஒன்றுண்டு. 2009 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரின் விடைகளை ஆராய்ந்து, ஆண்கள் பொருள்களுடன் இயைந்த செயல்களையும் பெண்கள் மனிதருடன் இயைந்த செயல்களையும் பெரிதும் விரும்புவதாகக் கண்டது. வேறுபாடு சிறிதன்று. அதனை மறைப்பது நேர்மையாகாது. ஆயின் விருப்பறி வினாக்கொத்து ஒருவரின் இன்றைய மனத்தைக் காட்டுமேயன்றி, அம்மனம் உருவான வழியைக் காட்டாது. வளர்ந்த மரத்தின் சாய்வை அளந்தவர் காற்று வீசிய திசையை அளந்தவராகார். உடலியற் காரணிக்கு ஒரு பங்கு இருப்பதாகவே கொண்டாலும், சராசரி என்பது தனியொருத்தியின் தலைவிதியன்று. சராசரியை வாயிற்காவலனாக நிறுத்தும்போதுதான் அறிவியல் அநீதியாகின்றது.

காற்றின் திசையை மாற்றினால் மரம் எவ்வாறு வளரும் என்பதற்குச் சதுரங்கம் சான்று. பெண்ணறிவுக்கு எட்டாத ஆட்டம் என்று அது நெடுங்காலம் கருதப்பட்டது. யோர்ஜியா என்னும் சிறு நாட்டிலோ பெண்கள் சதுரங்கம் பயில்வது போற்றுதற்குரிய வழக்கமாயிருந்தது. மணமகளின் சீரில் சதுரங்கப் பலகையும் இடம்பெற்ற மரபு அங்கு உண்டு. 1962 முதல் 1991 வரை மகளிர் உலகப் பட்டம் அந்நாட்டவரிடமே இருந்தது. அவர்களுள் நோனா கப்ரிந்தாஷ்விலி 1978 இற் பெருவீரர் பட்டம் பெற்ற முதற் பெண் ஆனார். ஹங்கேரியில் லாஸ்லோ போல்கார் தம் மூன்று புதல்வியரையும் இளமையிலேயே சதுரங்கப் பயிற்சியில் வளர்த்தார். இளையவரான யூடிற் 1991 இல் 15 வயதிற் பெருவீரர் பட்டம் பெற்று பொபி பிஷரின் சாதனையை முறியடித்தார். 2002 இற் காஸ்பரோவையும் வென்றார். ஒரு நாட்டில் வழக்கமும் ஒரு வீட்டிற் தந்தையின் உறுதியும் மாறியபோது, இயற்கையின் நியதி என்று கூறப்பட்டது இடம்பெயர்ந்தது.

பொழுதுபோக்குத்தானே, இதற்கு இத்துணை வாதம் எதற்கு என்று வினவுவோர்க்கு விடையொன்று கூறல் வேண்டும். பொழுதுபோக்கு நாளைய தொழிலின் வித்து. அமெரிக்காவிற் கணினி விஞ்ஞானப் பட்டம் பெற்றோருள் பெண்களின் பங்கு 1984 அளவில் நூற்றுக்கு 37 ஆக உயர்ந்திருந்தது. பின்னர் சரிந்து, 2010 அளவில் 20 இலும் குறைந்தது. இவ்வீழ்ச்சிக்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று, 1980களில் வீட்டுக் கணினி சிறுவரின் விளையாட்டுப் பொருளாக விளம்பரமாகி, மகனின் அறைக்குள்ளே சென்று சேர்ந்தமை. விளையாடிப் பழகியவனுக்கு முன், பழகாதவள் வகுப்பறையில் மந்தமானவளாகத் தோன்றினாள். மாறாக, 1990களின் தொடக்கத்திற் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தின் வழியாகப் பல்லாயிரம் கிராமப் பெண்கள் துவிச்சக்கரவண்டி ஓட்டப் பழகினர். ஆண்பிள்ளைகளின் விளையாட்டு என்று ஏளனம் செய்யப்பட்ட அவ்வண்டி அவர்களைச் சந்தைக்கும் வேலைத்தலத்திற்கும் வகுப்பிற்கும் கொண்டுசென்றது. ஒரு விளையாட்டைத் தடுத்தபோது ஒரு தொழில் மூடப்பட்டது. ஒரு விளையாட்டைத் திறந்தபோது ஒரு மாவட்டத்தின் வழிகள் திறந்தன.

எனினும் ஒரு பிழையான முற்போக்கையும் இங்குக் கண்டித்தல் கடன். பெண் தையலைக் கைவிட்டுப் பந்தை எடுத்துவிட்டாற் போதும், விடுதலை கிட்டிவிடும் என்று எண்ணுவோர், ஆண் செய்வதே உயர்ந்தது என்ற பழைய அளவுகோலையே புதிதாகத் தூக்குகின்றனர். ஊசியும் நூலும் இழிந்தவையல்ல. அவற்றை ஆண் எடுக்க நாணுவதே இழிவு. பூவேலையில் மனம் செல்லும் சிறுவனைக் கேலி செய்து விரட்டும் சமுதாயம், அச்சிறுமியின் பறையை மாத்திரமல்ல, அவனது சிற்றிலையும் அழிக்கின்றது. கட்டும் இன்பம் என்றும் தனக்கு மறுக்கப்பட்டவன் அழிப்பதை ஆண்மை என்று நம்பி வளர்கின்றான்.

இவ்வாதம் பல்கலைக்கழகத்தின் வாயிலில் நின்றுவிடலாகாது. சமத்துவம் பேசும் வளாகத்திலேயே, மாணவியர் விடுதிக் கதவு குறித்த வேளையில் அடைபடுவதும், மாணவர் விடுதிக் கதவு விடியும்வரை திறந்திருப்பதும் காணப்படும் வழக்கமன்றோ? நாடக ஒத்திகை இரவில்; திரைப்பட வட்டம் இரவில்; விவாதமும் இதழாக்கமும் இரவில். பின்னர், மாணவியருக்கு இவற்றில் ஆர்வம் குறைவு என்று ஆண்டறிக்கை எழுதப்படுகின்றது. கலைவிழா நாளில் தலைமையும் பேச்சும் ஆண்களுக்கு. நிறைகுடமும் கோலமும் பன்னீர்ச் செம்பும் பெண்களுக்கு. எட்டாவது பருவத்திற் பிரிந்த பிள்ளைகள் பட்டதாரிகளான பின்னரும் ஒன்றுசேரவில்லை.

ஆகவே செய்யத்தக்கவை வெளிப்படையானவை. ஒத்திகைகளும் கூட்டங்களும் யாவரும் வரத்தக்க வேளையில் நிகழ வேண்டும்; அன்றேல் கதவடைக்கும் நேரம் இருபாலார்க்கும் ஒன்றாதல் வேண்டும். மைதானத்தின் மாலைப்பொழுது இரு சாராருக்கும் முறைவைத்துப் பங்கிடப்பட வேண்டும். செயற்குழுவில் மாணவி கோலத்திற்கு மாத்திரமன்றிக் கணக்கிற்கும் தலைமைக்கும் உரியவளாதல் வேண்டும். மாணவன் கோலமிடவும் பாத்திரம் கழுவவும் முன்வருதல் வேண்டும். வீட்டிலே தங்கை சமைக்கும் மூன்று மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரத்தை அண்ணன் ஏற்றல் வேண்டும். இவற்றைச் செய்து ஒரு தலைமுறை கழிந்த பின்னர், ஆணின் விருப்பம் யாது, பெண்ணின் விருப்பம் யாது என்று மீண்டும் வினவலாம். அப்போதும் பட்டியல்கள் வேறுபடுமாயின் வேறுபடட்டும்; அவை அவர்கள் தாமே எழுதிய பட்டியல்களாயிருக்கும். அதுவரை, சிற்றிலை அழித்தவன் நின்றுகொண்டு, இவளுக்கு வீடு கட்டத் தெரியவில்லை என்று கூறும் தீர்ப்பை அறிவுலகம் ஏற்றல் தகாது.